ஏட்டுரிமை போதாது

உயர்தர வகுப்பின் முதலாண்டு ஓய்வாண்டு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பரீட்சைக்கு இன்னும் நாளிருக்கிறதென்று பெற்றோர் ஆறுதல் கொள்கின்றனர். ஆனால் அட்டனிலும் நுவரெலியாவிலும் வாழும் தோட்டத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தின் கதவு திறப்பதும் மூடுவதும் அந்த ஆண்டிலேதான்.

சட்டம் என்ன சொல்கிறது? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பெரும்பாலான படிப்புகளில் 40 சதவீத இடங்களைத் தீவு முழுவதற்குமான தகுதி வரிசைப்படியும், 55 சதவீத இடங்களை மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும் பங்கிடுகிறது. எஞ்சிய 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு உரியது. நுவரெலியாவும் பதுளையும் அவற்றுள் அடங்கும். ஏட்டளவில் இது நியாயமான ஏற்பாடே.

நடப்பு என்ன? பௌதிகவியலையும் இரசாயனவியலையும் இணைந்த கணிதத்தையும் தமிழிற் கற்பிக்கும் உயர்தரப் பாடசாலைகள் தோட்டப் பகுதிகளில் மிகச் சில. அருகில் அத்தகைய பாடசாலை இல்லாத பிள்ளைக்கு இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, விருப்பமின்றிக் கலைப் பிரிவிற் சேர்வது. கலைப் படிப்புக்கோ பொதுவாகத் தீவு முழுவதற்குமான தகுதி வரிசையே அளவுகோல். மாவட்டப் பங்கு அங்கே துணைக்கு வராது. மற்றது, கண்டிக்கோ கொழும்புக்கோ சென்று படிப்பது. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளிற் படித்த பாடசாலையைக் கொண்டே மாவட்டம் தீர்மானிக்கப்படுவதால், அப்படிச் சென்ற பிள்ளை நுவரெலியாவின் பங்கை இழக்க நேரிடுகிறது. இருந்தாலும் இழப்பு, போனாலும் இழப்பு! அதேவேளை, ஒதுக்கீட்டை நாடி வெளிமாவட்டங்களிலிருந்து வந்து பதிவு செய்வோர் அந்த இடங்களுக்குப் போட்டியிடுகின்றனர்.

இது இன்று முளைத்த அநீதியன்று. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது அதன் பயன் தோட்டத்து லயங்களை எட்டவில்லை. 1970களில் அரசு பொறுப்பேற்கும் வரை தோட்டப் பள்ளிகள் துரைமாரின் தயவிலேயே கிடந்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. அந்தக் கறையைத் துடைக்க 2003 வரை சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. குடியுரிமை மீண்டது, ஆய்வுகூடம் வரவில்லை.

ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. நுவரெலியா மாவட்டத்தின் ஒவ்வொரு கல்வி வலயத்திலும் கணித, விஞ்ஞானப் பிரிவுகளைத் தமிழில் முழுமையாக நடத்தும் பாடசாலையும், அதற்கு நிலையான ஆசிரியரும் வேண்டும். மாவட்டப் பதிவுகள் கண்டிப்பாகப் பரிசோதிக்கப்படவும் வேண்டும். கற்க வழி செய்யாமல் பங்கு மட்டும் ஒதுக்குவது, அடுப்பில்லாத வீட்டுக்கு அரிசி அளப்பதை ஒக்கும்.

அரசை மட்டும் நோக்கி விரல் நீட்டி நாம் ஒதுங்கிவிட முடியாது. சாதாரண தரம் முடிந்ததும் பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்பும் பெற்றோர் ஒரு கணம் சிந்திக்க வேண்டும். பாடப்பிரிவைத் தெரியுமுன் மாவட்ட விதியைக் கேட்டறிய வேண்டும். பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் முதலாண்டிலேயே சீர்செய்ய வேண்டும். மலையகத்திற் பிறந்து பட்டம் பெற்ற வைத்தியரும் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் வார இறுதியில் ஒரு நாளைத் தம் ஊர்ப் பாடசாலைக்கு ஈவார்களா?

விதைக்கும் பருவத்தை நழுவவிட்டவன் அறுவடை நாளில் எவ்வளவு உழைத்தும் பயனில்லை என்பதைக் கந்தப்பளையின் மரக்கறி விவசாயி நன்கறிவான். உயர்தரத்தின் முதலாண்டே நம் பிள்ளைகளின் விதைப்புக் காலம். அதனைத் தரிசாக விடுவோமானால், ஏட்டிலுள்ள உரிமை ஏட்டோடு நிற்கும். கொழுந்துக் கூடை அடுத்த தலைமுறையின் தலையிலும் ஏறும்.