யோசனையைக் காட்டிய டிவி

ஒரு பழைய டிவி நிகழ்ச்சி பத்திப் பேசணும் மக்களே.

1970களின் பிற்பகுதியில் பிரிட்டனில் பிபிசி 2 ஒளிபரப்பிய "தி மாஸ்டர் கேம்".

ரெண்டு பேர் செஸ் ஆடுவார்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் என்ன யோசித்தார்கள் என்பதை அவர்கள் குரலிலேயே கேட்கலாம். ஆட்டம் முடிந்தபின் பதிவு செய்து காட்சியோடு சேர்த்தது அது.

உலக சாம்பியனாக இருந்த கார்போவும் அதில் ஆடியிருக்கிறார்.

சந்தேகம், பயம், கவனிக்காமல் விட்டது எல்லாமே வெளியே வரும்.

இன்றைய நேரலையில்?

திரை ஓரத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் பட்டை. யார் கை ஓங்கியிருக்குன்னு கம்ப்யூட்டர் உடனே சொல்லிடுது. கிராண்ட்மாஸ்டர் தப்பு செய்தால் நாம சிரிக்கிறோம். ஏன் தப்புன்னு கேட்டால் தெரியாது!

மருத்துவனாக எனக்கு இது உறுத்துது.

நோயாளியிடம் பேசாமலே ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரித்தால் விடை கிடைக்கலாம். யோசிக்கும் பழக்கம் போயிடும். ரிப்போர்ட்டும் நோயாளி சொல்வதும் ஒத்துப்போகாத நாளில் அந்தப் பழக்கம்தான் காப்பாற்றும்.

அடுத்த முறை செஸ் பார்க்கும்போது அந்தப் பட்டையை ஒரு தாள் வச்சு மறைச்சிடுங்க. அடுத்த நகர்த்தல் என்னன்னு பிள்ளைங்ககிட்ட கேளுங்க. "ஏன்?"னும் கேளுங்க.

தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. யோசிச்சாங்களே, அது போதும்.