குறை கேட்கும் விதியை யார் எழுதுவது?

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை, புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகத்தில் என் தாயாருடன் மனுவோடு வரிசையில் நின்றேன். தமிழில் எழுதிய மனு. கையில் ஒரு ரசீது. அயல்நாட்டு வங்கியின் கடனில் வரும் திட்டத்தால் நிலமோ தொழிலோ இழப்பவர் எந்த வரிசையில் நிற்பது?

நர்மதை அணைக்கு 1985இல் கடன் தந்த உலக வங்கி, மக்கள் போராடிய பின்னரே 1993இல் முறையீடுகளை ஆராயத் தனிக்குழு அமைத்தது. மணிலாவிலுள்ள ஆசிய வளர்ச்சி வங்கி 2003இல் தொடங்கிய குறைகேட்பு முறையை, பொதுமக்கள் கருத்தறிந்து 2012இல் திருத்தியது. பாதிக்கப்பட்டோர் இருவர் சேர்ந்தாலே முறையிடலாம். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமென்பதும் இல்லை. நல்ல விதிகள்தாம். ஆனால் கோட்டைப்பட்டினத்து மீனவருக்கும் ஆலங்குடி விவசாயிக்கும் எட்டாத விதியால் பயன் என்ன?

விதி வகுப்பது வல்லுநர் வேலை என்பர் சிலர். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? இனி விதிகளைத் திருத்தும்போது வரைவைத் தமிழில் அச்சிட்டு, கிராம சபையில் படித்துக் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். எதை ஏற்றனர், எதை ஏன் தள்ளினர் என்பதையும் அதே சபையில் அறிவிக்க வேண்டும். இல்லையேல் கருத்துக் கேட்பு வெறும் சடங்கே.

மாணவ நண்பர்களே, நமக்கும் கடமை உண்டு. அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுவோம். மாலையில் இவ்விதிகளையும் படித்துக் காட்டுவோம்.