வெல்டிங் ஜெனரேட்டர் வாங்கும் முன் ஒரு கணக்கு

மாணவர்களே, செம்பனைத் தோட்டத்தின் உட்பகுதியில் ஒரு டிராக்டரின் இழுவைக் கொக்கி உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அருகில் மின்சாரம் இல்லை. அதை அங்கேயே பற்றவைக்க, அதாவது வெல்டிங் செய்ய, இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டீசல் எஞ்சினும் வெல்டிங் மின்னாக்கியும் ஒரே சட்டத்தில் பொருத்தப்பட்ட பெரிய இயந்திரம். மற்றொன்று, சாதாரண ஜெனரேட்டரும் அதில் செருகிப் பயன்படுத்தும் சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் பெட்டியும்.

படிப்பு முடிந்ததும் சொந்தமாக வெல்டிங் தொழில் தொடங்க உங்களில் சிலர் நினைக்கலாம். முதல் சேமிப்பில் பெரும்பகுதி இதற்கே போய்விடும். தொடங்குபவர்களுக்கு இரண்டாவது வழியே நல்லது என்பது என் கருத்து. ஆனால், ஜெனரேட்டரைக் கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

கணக்கு எளிது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். 3.2 மில்லிமீட்டர் வெல்டிங் குச்சிக்குச் சுமார் 120 ஆம்பியர் தேவை. மின்வில்லின் அழுத்தம் ஏறக்குறைய 25 வோல்ட். பெருக்கினால் 3,000 வாட், அதாவது 3 கிலோவாட். அப்படியானால் 3 கிலோவாட் ஜெனரேட்டர் போதுமே என்று தோன்றும். போதாது.

முதலாவதாக, வெல்டிங் பெட்டி தான் பெறும் ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக இழக்கிறது. அதன் செயல்திறன் 80 விழுக்காடு என்றால், 3.75 கிலோவாட் தேவை. இரண்டாவதாக, விலை குறைந்த பெட்டிகள் பல, மின்னோட்டத்தைச் சீராக இழுப்பதில்லை. மின்னலையின் உச்சியில் மட்டும் திடீரென இழுக்கின்றன. இதைத் திறன் காரணி என்ற எண்ணால் குறிப்பிடுவர். அது 0.7 என்றால், ஜெனரேட்டர் ஏறக்குறைய 5.4 கிலோ வோல்ட்-ஆம்பியர் தர வேண்டும். மூன்றாவதாக, சில ஜெனரேட்டர்களில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண், சில விநாடிகளுக்கு மட்டுமே கிடைக்கும் உச்சத் திறன். தொடர்ந்து கிடைக்கும் திறனையே பாருங்கள்.

சிறிய ஜெனரேட்டரை வாங்கினால் மின்வில் அடிக்கடி அணைந்துவிடும். அழுத்தம் ஏறி இறங்குவதால் பெட்டிக்குள் இருக்கும் மின்னணுப் பாகங்களும் பழுதாகலாம். மிச்சப்படுத்திய பணம் பழுது பார்ப்பதற்கே போய்விடும்.

அப்படியிருந்தும் நான் ஏன் இன்வெர்ட்டர் பெட்டியைப் பரிந்துரைக்கிறேன்? பழைய வெல்டிங் இயந்திரங்களின் மின்மாற்றி 50 ஹெர்ட்ஸில் இயங்கியதால், அதற்குப் பெரிய இரும்பு உள்ளகம் தேவைப்பட்டது. இன்வெர்ட்டர் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் அதிர்வுகளாக மாற்றுகிறது. அதிர்வெண் உயர்ந்தால் மின்மாற்றி சிறியதாக இருந்தாலே போதும். அதனால்தான் பெட்டியை ஒரு கையில் தூக்கிச் செல்ல முடிகிறது. ஊருக்குள் வேலை கிடைத்தால் ஜெனரேட்டர் இல்லாமல், மெல்லிய குச்சியோடு, வீட்டு மின்சாரத்திலேயே பயன்படுத்தலாம். ஜெனரேட்டர் பழுதானாலும் பெட்டி உதவும். பெட்டி பழுதானால் ஜெனரேட்டர் துளையிடும் கருவிக்காவது உதவும்.

எஞ்சின் இயந்திரம் வீண் என்று நான் சொல்லவில்லை. சபாவின் கிமானிஸிலிருந்து சரவாக்கின் பிந்துலு வரை சுமார் 500 கிலோமீட்டருக்கு எரிவாயுக் குழாய் அமைக்கப்பட்டது. அத்தகைய பணிகளில் தடித்த குழாய்களை நாள் முழுவதும் பற்றவைக்க வேண்டும். சிறிய பெட்டியின் பணிச்சுழற்சி 30 விழுக்காடு என்றால், முழு மின்னோட்டத்தில் 10 நிமிடங்களுக்கு 3 நிமிடம்தான் வேலை செய்யலாம். மீதி நேரம் அது ஆற வேண்டும். அங்கே எஞ்சின் இயந்திரமே சரி. ஆனால், பல நூறு கிலோ எடையுள்ள ஓர் இயந்திரத்தை, வீட்டு வாயிற்கதவைச் சரிசெய்ய லாரியில் ஏற்றிச் செல்வது நட்டம். பெரிய ஒப்பந்தம் கிடைக்கும்போது அதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றை மறவாதீர்கள். இரண்டிலும் எஞ்சின் இருக்கிறது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் உயிரைப் பறிக்கும். மழை பெய்தாலும் எஞ்சினைக் கொட்டகைக்குள் இயக்காதீர்கள்.

அடுத்த முறை இரும்புச் சாமான் கடைக்குப் போகும்போது ஒரு ஜெனரேட்டரின் தகட்டைப் படித்துப் பாருங்கள். பள்ளியில் படித்த அந்தப் பெருக்கல் கணக்கை அங்கே போட்டுப் பார்த்துவிட்டு, விலையைப் பிறகு கேளுங்கள்.