பாட்டி கேட்கும் வெளிச்சம்

இரவு 8 மணிக்குத் தெம்பனிஸில் ஏதாவது ஒரு வீவக புளோக்கின் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு சன்னலில் மஞ்சள், பக்கத்தில் பால் வெள்ளை, மேலே நீலம் கலந்த வெள்ளை. மூன்றும் எல்இடி விளக்குகளாகவே இருக்கலாம். வேறுபாடு, பெட்டியில் போட்டிருக்கும் கெல்வின் எண்ணில்.

2700, 3000 என்றால் மஞ்சள் சாயலுள்ள ‘வார்ம் ஒயிட்’. 4000 நடுத்தர வெள்ளை. 6500 ‘டேலைட்’. எண் ஏற ஏற நீலம் கூடும்.

ஆனால், கெல்வின் நிறத்தை மட்டுமே சொல்லும். வெளிச்சத்தின் அளவைச் சொல்வது ‘லூமென்’. இது தெரியாததால்தான் பல வீடுகளில் வாக்குவாதம்.

“மஞ்சள் விளக்குல எழுத்தே தெரியல” என்பார் பாட்டி. அவருக்குத் தேவை வெள்ளை நிறமல்ல, கூடுதல் வெளிச்சம். இருபது வயதில் விழித்திரையை எட்டிய ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் எட்டுகிறது. கூடம் முழுவதையும் 6500க்கு மாற்ற வேண்டாம். அவர் நாற்காலி அருகே லூமென் கூடிய விளக்கு ஒன்று வையுங்கள்.

சமையலறைக்கும் படிப்பு மேசைக்கும் 4000 நல்லது. படுக்கையறைக்கு 2700 அல்லது 3000. இரவில் நீல ஒளி, தூக்கத்துக்கான மெலட்டோனின் சுரப்பைக் குறைக்கும்.

வீவக குடும்பங்களுக்கு 2024 ஏப்ரலில் கிடைத்த 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டில் எல்இடி விளக்கும் வாங்கலாம். மிச்சமிருந்தால், கடைக்குப் போகுமுன் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.