ஜீவனாம்சமா? பங்கா?

பெண்களுக்கு விவாகரத்து உரிமையும், ஆண்களோடு சமமான சொத்துரிமையும் வேண்டுமென்று 1929-ம் வருஷம் செங்கல்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் தீர்மானிக்கப்பட்டபோது, குடும்பமே குடிமுழுகிப் போய்விடும் என்று கூச்சல் போட்டவர்கள் அநேகர். பிறகு சென்னை மாகாணத்தில் 1949-லும், இந்திய பார்லிமெண்டில் 1955-லும் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் வந்தது. குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. ஆனால் பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்ட சட்டம், அவள் வெளியே வரும்போது கையில் என்ன கொண்டு வரலாம் என்பதில் மாத்திரம் பழைய புத்தியை விடவில்லை.

இன்றுள்ள இந்து விவாகச் சட்டப்படி ஒரு கல்யாணம் ரத்தாகும்போது சொத்து விஷயத்தில் கோர்ட்டார் செய்யக்கூடியது என்ன? கல்யாண சமயத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாகக் கொடுக்கப்பட்ட பொருள்களைப் பற்றி உத்தரவு போடலாம் என்கிறது 27-வது பிரிவு. அதாவது குத்துவிளக்கையும், கட்டிலையும், பீரோவையும் பங்கிடலாம். ஆனால் அந்தக் கட்டில் கிடக்கும் வீடு இருபது வருஷம் இருவரும் பாடுபட்டுக் கட்டிய வீடாயிருந்தாலும், பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கே அது சொந்தம். பத்திரம் பெரும்பாலும் யார் பேரில் இருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட நகையும் பாத்திரமும் அவளுக்கே உரியவை என்று சுப்ரீம் கோர்ட்டு 1985-ல் தீர்ப்புச் சொன்னது. நல்லதுதான். ஆனால் அவளுக்குக் கொடுத்தது அவளுடையது என்றால், அவள் உழைத்தது யாருடையது?

இனி மிஞ்சியிருப்பது ஜீவனாம்சம். 25-வது பிரிவின்படி இருவருடைய வரும்படியையும், சொத்தையும், நடத்தையையும் பார்த்து, கோர்ட்டார் நியாயமென்று நினைக்கும் தொகையைக் கொடுக்கச் செய்யலாம். அவள் மறுவிவாகம் செய்துகொண்டால் அதை நிறுத்தலாம். கற்போடு இருக்கவில்லை என்று காட்டினாலும் நிறுத்தலாம். ஜீவனாம்சம் வாங்கும் ஆணுக்கும் இதுபோல் ஒரு நிபந்தனை உண்டு என்று சட்டம் படித்தவர்கள் சொல்லுவார்கள். உண்டு. ஆனால் ஜீவனாம்சத்துக்கு மனுப் போட்டுவிட்டு வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டு வாசலில் காத்து நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்களா, பெண்களா?

இரண்டு பேர் கூட்டாக ஒரு மளிகைக் கடை வைக்கிறார்கள். ஒருவர் ஊர் ஊராய்ப் போய்ச் சரக்குப் பிடித்து வருகிறார். மற்றவர் கடையைக் கூட்டி, மூட்டையை அடுக்கி, கல்லாவைக் கவனிக்கிறார். கூட்டு முறிந்தால் கணக்குப் பார்த்துப் பங்கு பிரிப்பார்களா, அல்லது “நீ கடைக்குள்ளேயேதானே இருந்தாய், உனக்குச் சோற்றுக்கு மாதம் இவ்வளவு தருகிறேன், அதுவும் நீ ஒழுங்காய் நடந்தால்தான்” என்பார்களா? கடையில் யாரும் ஒப்பாத இந்தக் கணக்கைக் குடும்பத்தில் மாத்திரம் தர்மம் என்கிறோம். மனைவி செய்யும் சமையலுக்கும், துவையலுக்கும், பிள்ளை வளர்ப்புக்கும், நோயாளிப் பணிவிடைக்கும் கூலிக்கு ஆள் வைத்துப் பார்த்தால், கணவன் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும்? மிஞ்சியதால்தானே வீடு வந்தது? மனைவிக்கும் அடிமைக்கும் சொத்தில்லை என்ற மனுதர்மத்தை வாயால் கண்டித்துவிட்டு, கணக்குப் புத்தகத்தில் அதையே எழுதி வைத்திருக்கிறோம்.

இது சீமையிலிருந்து வந்த புது யோசனையுமல்ல. யாழ்ப்பாணத் தமிழர்களின் வழக்கத்தை டச்சுக்காரர்கள் 1707-ல் எழுதி வைத்த தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து மூன்று வகை. கல்யாணத்துக்குப் பின் தேடிச் சேர்த்தது தேடியதேட்டம். அதில் இருவருக்கும் சமபாத்தியதை உண்டென்று 1911-ம் வருஷச் சட்டமும் சொல்லிற்று. அதே சட்டம், மனைவி தன் நிலத்தை விற்பதற்குக் கணவன் சம்மதம் வேண்டுமென்றும் கட்டிப்போட்டது. ஆகவே பழையது என்பதற்காக அதை நாம் புகழவில்லை. பங்கு என்ற நியாயம் தமிழனுக்குத் தெரியாததல்ல என்பதற்காகவே சொல்லுகிறோம். கோவாவிலோ 1867-ம் வருஷப் போர்த்துகீசியர் சட்டம் இன்றும் நடக்கிறது. கல்யாணத்துக்கு முன் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சொத்து இருவருக்கும் பொது. பிரிந்தால் ஆளுக்குப் பாதி. அங்கே குடும்பங்கள் அழிந்து போய்விடவில்லை.

நமது சென்னை ஐகோர்ட்டே 2023-ல் ஒரு சொத்து வழக்கில், கணவன் அயல்நாட்டில் சம்பாதிக்க, மனைவி வீட்டைக் கவனித்து வந்ததும் சொத்துச் சேர்த்ததில் பங்குதான் என்று ஒப்புக்கொண்டு, அவளுக்கும் சமபங்கு உண்டென்றது. ஆனால் தீர்ப்பு ஒரு நீதிபதியின் நல்ல புத்தி. சட்டம்தான் எல்லோருக்கும் உரிமை. அந்தச் சட்டத்தின் கதையோ வேறு. விவாகரத்தில் கணவனுடைய ஸ்தாவர சொத்தில் மனைவிக்குப் பங்கு கொடுக்க இடம்வைத்த மசோதா ராஜ்யசபையில் 2013-ல் நிறைவேறி, லோக்சபையில் நிறைவேறாமல் 2014-ல் காலாவதியாகி விட்டது.

பங்கு கொடுத்தால் பெண்கள் சொத்துக்காகவே விவாகரத்துச் செய்வார்கள் என்று சிலர் பூச்சாண்டி காட்டுகிறார்கள். இதுவரை முழுச் சொத்தும் ஆண்கள் கையில்தானே இருந்தது? அதனால் எல்லா ஆண்களும் மனைவியைத் தள்ளிவிட்டார்களா? போக்கிடமில்லாததால்தான் ஒரு பெண் வீட்டில் இருக்கிறாள் என்றால், அது குடும்பமல்ல, சிறைச்சாலை என்றே சொல்லுவோம். மனைவி அதிகம் சம்பாதித்தால் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கும் பதில் ஒன்றே. அவள் சேர்த்ததிலும் கணவனுக்குப் பாதி. குடும்பத்துக்காக வாங்கிய கடனிலும் இருவருக்கும் பாதி.

ஆகவே நாம் கேட்பது இதுதான். பிறந்த வழியில் வந்த சொத்தும், கல்யாணத்துக்கு முன் இருந்த சொத்தும் அவரவருக்கு இருக்கட்டும். கல்யாணத்துக்குப் பின் சேர்ந்ததில், பத்திரம் யார் பேரில் இருந்தாலும், பிரியும்போது சரிபாதி என்று சட்டம் செய்யப்பட வேண்டும். சுயமரியாதைத் திருமணத்தை 1967-ல் சட்டமாக்கி, 1989-ல் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு கொடுத்த தமிழ்நாட்டுச் சட்டசபைக்கு இது முடியாத காரியமல்ல. அதுவரையில் தோழர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. இனி வாங்கும் மனையையும் வீட்டையும் இருவர் பேரிலும் பதிவு செய்யட்டும். மேடையில் பெண் விடுதலை பேசுகிறவருடைய யோக்கியதையை அவர் வீட்டுப் பத்திரத்தைப் பார்த்தே நாம் தெரிந்து கொள்ளுவோம்.