மின்கலம் தீர்ந்தால் கருவியும் தீரவேண்டுமா?

1979-ஆம் ஆண்டு ஜப்பானில் சோனி நிறுவனத்தார் வெளியிட்ட வாக்மேன் என்னும் சிறு யந்திரம், பென்சில் பேட்டரி இரண்டைப் போட்டால் பாடும். அவை தீர்ந்தால், பெட்டிக்கடையில் வேறு இரண்டை வாங்கிப் போட்டுக்கொண்டு மேலே கேட்கலாம். நாடாவைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் நாளடைவில் தளர்வதும் பிசுபிசுத்துப் போவதும் இயல்பே எனினும், சில திருகாணிகளைக் கழற்றி அற்ப விலையில் வேறொரு பெல்ட்டை மாட்டிவிட்டால், பல வருஷங்கள் ஊமையாய்க் கிடந்த பெட்டியும் மறுபடி பாடத் தொடங்கிவிடும்.

2001-இல் ஆப்பிள் நிறுவனம் கொணர்ந்த ஐபாட், ஆயிரம் பாட்டுகளைச் சட்டைப்பையில் அடக்கிய அற்புதம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், கண்ணாடிபோல் மெருகேற்றிய அதன் எஃகு முதுகில் ஒரு திருகாணிகூட இல்லை. நாள்தோறும் மின்னேற்றத்துக்கு உட்பட்டுப் படிப்படியாகச் சக்தி குன்றுவது லித்தியம் மின்கலத்தின் தர்மம் என்று நன்கறிந்தவர்களே, அதை உடையவன் மாற்றமுடியாதபடி உள்ளே வைத்து மூடினார்கள். 2003-இல் நைஸ்டாட் சகோதரர்கள் இருவர், இந்த மின்கலத்தை மாற்ற இயலாது, 18 மாதமே உழைக்கும் என்று நியூயார்க் நகரத்து ஐபாட் விளம்பரங்களின் மீதே எழுதி, அதைப் படமெடுத்து உலகறியச் செய்தார்கள். அவ்வாண்டிலேயே 99 டாலருக்கு மின்கலத்தை மாற்றித்தரும் ஏற்பாடு வந்தது. ஆப்பிள் மீது தொடுக்கப்பட்ட வழக்கும் 2005-இல் சமரசத்தில் முடிந்தது.

2022-இல் ஐபாட் வரிசையே நிறுத்தப்பட்ட பின்னரும், அதன் அபிமானிகள் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் விளிம்பை நெம்பித் திறந்து புது மின்கலம் பொருத்துகிறார்கள். தேய்ந்துபோன வட்டு இருந்த இடத்தில் மெமரி கார்டைச் செருகி, முன்னிலும் அதிகப் பாட்டுகளை ஏற்றிக்கொள்கிறார்கள். செத்தது ஓர் உறுப்பே, கருவியன்று என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டியதில்லை.

இன்று அந்த ஸ்தானத்துக்கு வந்திருக்கும் கம்பியில்லா இயர்பட்களின் கதி இன்னும் பரிதாபம். பெரும்பாலானவற்றைப் பசையிட்டு ஒட்டிவிடுவதால், சில வருஷங்களில் மின்கலம் சோர்ந்ததும், பழுதற்ற ஒலிபெருக்கியும் சில்லும் அதனுடன் குப்பைக்குப் போகின்றன. சால்டரிங் அயனும் பூதக்கண்ணாடியுமாகச் சென்னை ரிச்சி தெருவிலும் சிற்றூர்க் கடைவீதிகளிலும் உட்கார்ந்திருக்கும் வித்தகர்களின் கைத்திறன் இவற்றின்முன் பயனற்று நிற்பதைக் காண எனக்கு மனம் பொறுக்கவில்லை.

லித்தியம் குத்துப்பட்டால் தீப்பற்றும், ஆகவே மூடிவைப்பதே க்ஷேமம் என்பார் உண்டு. அபாயம் மெய்தான், ஆயினும் ஒட்டியதைக் கத்தியால் நெம்பும்போதல்லவா மின்கலம் குத்துப்படுகிறது? திருகாணியால் மூடி, எளிதில் எடுக்கும்படி வைத்தால் அந்த அபாயம் பெரிதும் குறையும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய சட்டம், கையடக்கச் சாதனங்களின் மின்கலங்களை, சில விலக்குகள் நீங்கலாக, உபயோகிப்பவரே கழற்றி மாற்றத்தக்கதாக 2027 பிப்ரவரி முதல் அமைக்கவேண்டும் என்று விதிக்கிறது. நம் மத்திய அரசோ, சாதனங்களைப் பழுதுநீக்கும் எளிமையை மதிப்பிட ஒரு குறியீட்டை வகுக்கும்படி 2024-இல் குழு அமைத்தது. மதிப்பெண் தருவதோடு நில்லாமல், மின்கலத்தை மாற்ற வழியில்லாத இசைக்கருவியை இந்நாட்டில் விற்கவொட்டாமல் தடுக்கும் விதியையும், உதிரி உறுப்புகளைச் சிறு கடைக்காரருக்கும் நியாய விலையில் கொடுக்கும் கடமையையும் அரசு சட்டமாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.