நடப்புச் சாம்பியனுக்கே இடமில்லை: கல்லூரிக் கூடைப்பந்தில் புதிய விதி

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பின் 2025-ஆம் ஆண்டுத் தொடர் சார்லட்டில் மார்ச் 11, செவ்வாய்க்கிழமை தொடங்கியது. அப்போதைய நடப்புச் சாம்பியனான வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக அணி அதில் இடம்பெறவில்லை.

ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா, எஸ்எம்யூ ஆகியவை இணைந்ததால் கூட்டமைப்பின் அணிகள் 18 ஆகிவிட்டன. தொடரிலோ 15 அணிகளுக்கே இடம். 12 வெற்றி, 19 தோல்விகளுடன் பருவத்தை முடித்த சாம்பியன் அணி, கடைசி மூன்றில் சிக்கியது. பயிற்சியாளர் கெவின் கீட்ஸும் நீக்கப்பட்டார்.

இத்தொடரின் மதிப்பே மறுவாய்ப்பில்தான் உள்ளது. பருவம் முழுவதும் சறுக்கிய அணியும் இதில் வென்றால், 68 அணிகள் மோதும் தேசியத் தொடருக்கு நேரடியாகத் தகுதி பெறும். 2024-இல் 10-ஆம் நிலையிலிருந்த இதே அணி, ஐந்து நாள்களில் ஐந்து ஆட்டங்களை வென்றது. வர்ஜீனியாவுக்கு எதிரான அரையிறுதியில், மைக்கேல் ஓ'கானல் கடைசி நொடியில் எறிந்த மூன்று புள்ளிப் பந்து பலகையில் பட்டு வளையத்துள் விழாதிருந்தால், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். இறுதியில் வட கரோலினா பல்கலைக்கழகத்தை 84-76 என வீழ்த்தி, 1987-க்குப் பின் முதல் பட்டத்தை வென்றது. தேசிய அரையிறுதி வரையும் முன்னேறியது.

10-ஆம் நிலை அணிக்குப் புதிய விதியிலும் இடமுண்டு. ஆனால் கடைசி மூன்று அணிகளுக்கு அந்த வாய்ப்பே இல்லை. உடன் வெளியேறிய இரண்டில் ஒன்றான மியாமி, 2023-இல் தேசிய அரையிறுதி கண்ட அணி.